காற்றாடி

காற்று + ஆடு + இ: காற்றில் ஆடுவது. பேச்சில் காத்தாடி. சென்னையில் சொன்னால் வானில் பறக்கும் பட்டம். திண்டிவனம், விழுப்புரம் போன்ற பனைக்காட்டு ஊர்களில் இன்னொன்றும் நினைவில் சுழலும்: பனையோலைக் கீற்றுகளைக் குறுக்கே கோத்து, நடுவில் முள் குத்தி, எதிர்காற்றில் ஓடிச் சுழற்றும் காத்தாடி. ஓலை கிழிந்தால் அந்தக் கீற்றை மட்டும் மாற்றலாம். முள் அப்படியே இருக்கும். எனக்கு மிகப் பிடித்த பொறி இது.

எஞ்சின் சுழற்றும் புரொப்பெல்லரையும் காற்றாடி என்கிறோம். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் காற்றாடிகள் மரத்தில் செதுக்கியவை. பின்னாளில் நடுக்குடம் தனி, இலைகள் தனி என்று வந்த உலோகக் காற்றாடிகளில், பழுதான இலையை மட்டும் கழற்றி மாற்ற முடிந்தது. மரக்காணம் போன்ற கடற்கரைகளில் ஓடும் ஃபைபர் படகுகளின் சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் மாற்றவேண்டியது ஒரு பின் மட்டுமே: காற்றாடி கல்லில் இடித்தால் அந்தப் பின் முறிந்து பல்சக்கரத்தைக் காக்கும்.

‘இலை’ என்பதும் பொருத்தமான சொல். ஆங்கில ‘பிளேடு’க்குப் பழம்பொருள் இலைதான், ஜெர்மன் மொழியில் ‘பிளாட்’ இன்றும் இலை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓலைக் காத்தாடியைக் காற்று சுழற்றுகிறது. விமானத்திலோ காற்றாடி காற்றைப் பின்தள்ளுகிறது. ‘புரொப்பெல்லர்’ என்பதற்கு லத்தீன் வேர்ப்பொருள் ‘முன்னே தள்ளுதல்’. அதற்கு ‘உந்து’ என்னும் வினையிலிருந்து வரும் ‘உந்தி’ நேர்ச்சொல். ஓலையில் செய்ததைக் காற்றாடி என்றும் எஞ்சினில் இருப்பதை உந்தி என்றும் பிரித்து எழுதவே விரும்புகிறேன்.