கள்ளியைத் தின்ற பூச்சி: இயற்கைக் களைக்கட்டுப்பாட்டின் ஒரு பழைய கதை

வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரி, நாலு வெண்டை, ஒரு பந்தல் புடலை போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். நாம் விதைத்தது முளைக்கிறதோ இல்லையோ, விதைக்காதது கட்டாயம் முளைக்கும்! கோரை, அருகு, சாரணை, மூக்கிரட்டை, பார்த்தீனியம் என்று வரிசையாக வந்து நிற்கும். "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்று நம் ஊரில் சும்மா சொல்லி வைக்கவில்லை.

களை எடுப்பதற்கு இரண்டு வழிகள்தான் நமக்குத் தெரியும். ஒன்று, குனிந்து கையால் பிடுங்குவது. வீட்டில் பெரும்பாலும் அம்மாவோ ஆச்சியோதான் அந்த வேலையைச் செய்கிறார்கள், இடுப்பு வலியும் அவர்களுக்குத்தான். இன்னொன்று, கடையில் களைக்கொல்லி மருந்து வாங்கி அடிப்பது. கோழியும் குழந்தையும் நடமாடும் சின்னக் கொல்லையில் அதை அடிக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் "இயற்கையாகவே களையை அடக்க வழி உண்டா?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

உண்டு. அதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. ஒரு பூச்சியை விட்டு ஒரு களையை ஒழித்த முயற்சிகளில், உலகத்திலேயே முதல் வெற்றி என்று அறிவியல் நூல்கள் குறிப்பிடுவது இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்ததைத்தான். அந்தக் களை வேறொன்றும் இல்லை, நாம் எல்லோரும் பார்த்திருக்கும் சப்பாத்திக்கள்ளி!

கள்ளி எப்படி வந்தது?

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைக் கடந்து தெற்கே போனால் வாழைத் தோட்டமும் வயலும் முடிந்து, மெல்ல மெல்லச் செம்மண் தேரி தொடங்கிவிடும். பனையும் உடைமரமும் நிற்கும் அந்தக் காய்ந்த நிலத்தில் சப்பாத்திக்கள்ளியைப் பார்க்கும் யாரும் அது இந்த மண்ணிலேயே பிறந்த செடி என்றுதான் நினைப்பார்கள். நாகதாளி என்று தமிழில் இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. முள்ளை நீக்கிவிட்டு அந்தப் பழத்தைத் தின்று வாயெல்லாம் சிவந்த அனுபவம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு உண்டு.

ஆனால் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492-ல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, ஐரோப்பியர்களின் கப்பல்களில் அங்கிருந்து பல செடிகள் உலகம் முழுக்கப் பரவின. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, நிலக்கடலை எல்லாம் அப்படி வந்தவைதான். நம் தோட்டத்து மிளகாயும் வேலியோரத்துக் கள்ளியும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. ஒன்றுக்குக் காய்கறி என்று பெயர், மற்றொன்றுக்குக் களை என்று பெயர்!

ஒரு செடி கடல் தாண்டி வரும்போது, சொந்த ஊரில் அதைக் கடித்துத் தின்னும் பூச்சிகளும் அதற்கு வரும் நோய்களும் பெரும்பாலும் கூடவே வருவதில்லை. கள்ளிக்கு இங்கே அப்படி ஓர் எதிரி இல்லை. முள்ளுக்குப் பயந்து ஆடுமாடும் வாய் வைப்பதில்லை. ஒரு மடலை ஒடித்துப் போட்டாலே வேர் பிடித்துவிடும். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைத் தூவிவிடும். வேலிக்காக வைத்த செடி வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் புன்செய்க்குள்ளும் புகுந்தது இப்படித்தான்.

சிவப்புச் சாயத்தின் ஆசை

இந்தக் கதையில் பூச்சி நுழைவது களையை ஒழிப்பதற்காக அல்ல, பணத்துக்காக!

மெக்சிகோவில் கள்ளிச் செடியில் வளரும் ஒரு பூச்சி உண்டு. கொச்சினீல் என்று பெயர். நம் செம்பருத்திச் செடியில் வெள்ளை வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். நசுக்கினால் இரத்தம் மாதிரி சிவப்புச் சாறு வரும். அந்தப் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள். ஸ்பெயின் நாடு இந்த வியாபாரத்தை நெடுங்காலம் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது.

அந்த லாபத்தைத் தானும் பார்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களில் இதில் மும்முரமாக இறங்கினார். பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டமே போடப்பட்டது.

1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வந்தது உண்மையான சாயப்பூச்சி அல்ல, அதன் உறவுக்காரப் பூச்சி! அதிலிருந்து கிடைத்த சாயம் மட்டமாக இருந்தது. அது மட்டுமல்ல, இந்தியாவில் ஏற்கெனவே பரவியிருந்த ஒருவகைக் கள்ளியின் மேல் அது ஏறி, சாற்றை உறிஞ்சிச் செடியையே சாகடித்தது. சாய வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் யாரும் தேடாத ஒரு விடை கையில் கிடைத்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் இதே பூச்சி வடக்கிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தத் தடவை சாயத்துக்காக அல்ல, கள்ளியை ஒழிப்பதற்காகவே. 1865-க்குச் சற்று முன்பு இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். களையை ஒழிக்க வேண்டும் என்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசென்றது அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

இரண்டாவது கள்ளியும் 1926-ம்

கதை அத்துடன் முடியவில்லை. இந்தியாவில் இருந்தது ஒரே வகைக் கள்ளி அல்ல. பிரேசில் பூச்சி ஒரு வகையை மட்டும்தான் தின்றது. முள் அதிகமான மற்ற வகைகள் மேல் அது வாயே வைக்கவில்லை. நம் பக்கத்து வறண்ட நிலங்களில் நாம் பார்க்கும் சப்பாத்திக்கள்ளி இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரு கள்ளி ஒழிந்த பிறகும் இன்னொரு கள்ளி பரவிக்கொண்டே இருந்தது.

1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு வகைக் கொச்சினீல் பூச்சி சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தப் பூச்சியின் பூர்வீகம் வட அமெரிக்கா. இது இரண்டாவது கூட்டத்துக் கள்ளிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. ஐந்தாறு ஆண்டுகளில் பெரும் பரப்பில் கள்ளி காய்ந்து விழுந்தது. கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியல் வல்லுநராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண அய்யர், தென்னிந்தியக் கள்ளிகளில் வாழும் இந்தப் பூச்சிகளைப் பற்றி 1931-ல் எழுதியிருக்கிறார்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கள்ளி அடியோடு அழிந்துவிடவில்லை. இன்றும் அங்கங்கே நிற்கத்தான் செய்கிறது. அதன் மடலில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பதைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள், சிவப்பாக வந்தால் அது இந்தப் பூச்சிதான். கள்ளி பெருகினால் பூச்சியும் பெருகும். கள்ளி குறைந்தால் பூச்சியும் குறையும். எதிரியை முற்றிலும் ஒழிக்காமல் அளவோடு வைப்பதுதான் இயற்கைக் கட்டுப்பாடு.

மற்ற இடங்களில் என்ன ஆயிற்று?

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் இன்னும் பெரிய சண்டை நடந்தது. அங்கே சுமார் 6 கோடி ஏக்கரில் கள்ளி மண்டிக் கிடந்தது. 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து வளர்த்து, 1926 முதல் வயல்வெளியில் விட்டார்கள். சில ஆண்டுகளில் அதன் புழுக்கள் கள்ளிக் காட்டைக் குடைந்து தீர்த்தன. நன்றிக்கடனாக, பூனார்கா என்ற ஊரில் 1936-ல் அந்தப் பூச்சியின் பெயரிலேயே ஒரு மண்டபம் கட்டினார்கள்!

ஆனால் பூச்சிக்கு நல்லது கெட்டது தெரியாது. நம் கள்ளியை அடக்கிய அதே வகைப் பூச்சி 2014-ல் மொராக்கோவில் தென்பட்டது. அங்கே கள்ளிப்பழம் விவசாயிகளுக்குச் சோறு போடும் பயிர். ஏக்கர் ஏக்கராகக் கள்ளித் தோட்டங்கள் அழிந்தன. இங்கே நண்பனாக இருந்த பூச்சி அங்கே எதிரி.

நம் நாட்டிலும் இந்தக் கவலை எழுந்தது உண்டு. பார்த்தீனியத்தை அடக்க 1980-களில் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்கு ஒரு வண்டைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அது சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று புகார் கிளம்பியது. பெரிய சர்ச்சையாகி, ஆராய்ச்சி செய்யும் நிலை வந்தது. எனவே பூச்சியைக் கொண்டுவந்து விடுவது ஆய்வு நிலையங்கள் பல கட்டமாகச் சோதித்துச் செய்ய வேண்டிய வேலை. தனி மனிதர்கள் செய்யக்கூடியது அல்ல.

ஸ்ரீவைகுண்டம் அணையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. தாமிரபரணியின் கடைசி அணை இது, 1870-களில் கட்டி முடிக்கப்பட்டது. இதன் வடகாலையும் தென்காலையும் நம்பித்தான் கீழே உள்ள குளங்களும் வயல்களும் இருக்கின்றன. அணைக்குள் மண் மேடிட்டு, சீமைக்கருவேலமும் அமலைச் செடியும் மண்டின. தூர் வாரும் விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2015-ல் பணி தொடங்கியது. சீமைக்கருவேலமும் அமலையும்கூட அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்தான். அமலையைத் தின்னும் கூன்வண்டுகளை 1980-களிலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் சீமைக்கருவேலத்தில் சிக்கல் இருக்கிறது. தென் மாவட்டங்களில் அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒருவருக்குக் களை, இன்னொருவருக்குப் பிழைப்பு என்றால் எந்தப் பூச்சியை விடுவது?

சரி, நம் கொல்லைக்கு என்ன பயன்?

கோரையைத் தின்றுவிட்டுக் கத்தரியை விட்டுவைக்கும் பூச்சி எதுவும் கடையில் கிடைக்காது. ஆனால் கள்ளிக் கதை சொல்லும் பாடம் நம் கொல்லைக்கும் பொருந்தும். பூச்சி வென்றதற்குக் காரணம் அதன் பலம் அல்ல, அது சரியான கள்ளியைப் பிடித்ததுதான். தவறான கள்ளி மேல் அது பட்டினிதான் கிடந்தது. அதுபோல, களையை அடக்கும் முன் அது எந்தக் களை, எதனால் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1. விதையால் பரவும் களைகள்: சாரணை, பார்த்தீனியம், குப்பைமேனி போன்றவை. இவற்றைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். விதை கொட்டிய பிறகு பிடுங்குவது பாதி வேலைதான். பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுப் பிடுங்குவது நல்லது, சிலருக்கு அரிப்பு வரும்.

2. முளைக்க விட்டு அழிப்பது: பாத்தி கட்டியதும் உடனே விதைக்காமல் தண்ணீர் விட்டு ஒரு வாரம், பத்து நாள் சும்மா விடுங்கள். மேலே கிடக்கும் களை விதைகள் முளைத்துவிடும். ஆழமாகக் கிளறாமல் களைக்கொத்தியால் மேலாகச் செதுக்கிவிட்டுப் பிறகு விதைக்கலாம். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் விதைகள் மேலே வந்துவிடும்.

3. மூடாக்கு: விதை முளைத்தாலும் வெளிச்சம் இல்லாமல் வளர முடியாது. இந்தப் பக்கம் வாழைச் சருகுக்குப் பஞ்சமே இல்லை. செடிகளுக்கு இடையே நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் களையும் குறையும், ஈரமும் நிற்கும். தண்டோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

4. கிழங்கால் பரவும் கோரை: இதுதான் பெரிய வில்லன். மூடாக்கையும் குத்திக்கொண்டு வரும். மேலே வெட்டினால் கீழே உள்ள கிழங்கு மறுபடி தழைக்கும். ஆனால் கோரைக்கு நிழல் ஆகாது. அந்த இடத்தில் தட்டைப்பயறு போலத் தரையை மூடும் பயிரை நெருக்கி விதையுங்கள். தலைகாட்டும் கோரையை விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்பு தீர்ந்து இளைத்துப்போகும். பொறுமை வேண்டும்.

5. வெயிலைப் பயன்படுத்துவது: சித்திரை, வைகாசி வெயிலில் காலியான பாத்தியை நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களில் மண் அணைத்து நாலிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் பல களை விதைகள் வெந்துவிடும்.

உப்பைக் கொட்டிக் களையைக் கொல்லலாம் என்று சொல்வார்கள். அது இயற்கையான பொருள்தான், ஆனால் களையோடு சேர்ந்து மண்ணும் கெட்டுவிடும்.

கடைசியாக ஒன்று

பிடுங்கியதையெல்லாம் வேலிக்கு வெளியே வீசும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். மூக்கிரட்டை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை ஆகியவை பாத்தியில் களை, அடுக்களையில் கீரை! பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், நமக்குத்தான் மறந்துபோயிற்று. சாயம் தேடிப் போனவர்கள் கையில் களைக்கு மருந்து கிடைத்தது என்றால், களை பிடுங்கப் போகும் நமக்கு ஒரு வேளைக் குழம்புக்குக் கீரையாவது கிடைக்காதா என்ன?