வயதான பெற்றோரின் தடுமாற்றம்: மறதி நோயா, திடீர்க் குழப்பமா?

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." வீட்டுப் பெரியவர் பேரன் பெயரை மறந்தாலும், நள்ளிரவில் எழுந்து பிதற்றினாலும், நம்மில் பலர் இந்த ஒரு பேச்சோடு முடித்துக்கொள்கிறோம். அறிந்த பின் எதையும் அறியாமல் போகும் தள்ளாத வயதைப் பற்றித் திருக்குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனம் பேசுகிறது. அந்த நிலையை விட்டு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி சொன்னவர்களும் அவர்களே.

ஜவ்வாது மலையடிவாரம் தரும் பாடம்

ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டியது வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியம். 65 வயதைக் கடந்தவர்களிடம் மறதி நோயைக் கண்டறிய '10/66' என்ற பன்னாட்டு ஆய்வுக்குழு நடத்திய ஆய்வில், இந்தியக் கிராமப்புறத்திற்கான களம் இதுதான். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதை நடத்தினர்.

2008இல் லான்செட் இதழில் வந்த முடிவுகளில், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி இந்தியக் கிராமத்தில் மறதி நோய் 0.3 சதவீதம் மட்டுமே, கியூபாவில் 6.3. ஆனால் படிப்பறிவு வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு அக்குழு உருவாக்கிய முறையில் பார்த்தபோது, எந்த நாட்டுக் களத்திலும் 5.6 சதவீதத்திற்குக் குறையவில்லை.

கிராமத்தில் நோய் இல்லை என்பதல்ல இதன் பொருள். "தாத்தா முன்பு போல் இல்லை" என்று உறவினர் சொல்லாமல் விட்டதும் எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது.

அளவுகோல்கள் எதைக் கேட்கின்றன?

1975இல் வந்த எம்எம்எஸ்இ 30 மதிப்பெண் கொண்டது. தேதி, இடம், கணக்கு, நினைவு, எழுத்து ஆகியவற்றைச் சோதிக்கும். பள்ளி செல்லாதவர், காது கேளாதவர், வீட்டில் உருது மட்டும் பேசி தமிழில் கேள்வி கேட்கப்படுபவர் நல்ல நினைவோடு இருந்தும் குறைந்த மதிப்பெண் பெறலாம். இதனால்தான் 10/66 குழு பயன்படுத்திய சிஎஸ்ஐ-டி முறையில் இரண்டு பகுதிகள் உள்ளன: ஒன்று முதியவரிடம், மற்றொன்று அவரை நன்கறிந்த உறவினரிடம்.

டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் வேறு. அதற்கு 1990இல் வந்த சிஏஎம் முறை நான்கு விஷயங்களைப் பார்க்கும்: குழப்பம் திடீரென வந்து கூடிக் குறைகிறதா, கவனம் நிற்கவில்லையா, பேச்சு தொடர்பற்றதா, விழிப்பு நிலை மாறியுள்ளதா. முதல் இரண்டும் இருந்து, மற்ற இரண்டில் ஒன்றும் இருந்தால் டெலிரியம் எனக் கருதுவார்கள்.

வேறுபாட்டை நாம் அறிவது எப்படி?

மறதி நோய் மாதங்கள், ஆண்டுகளாக மெதுவாக வரும். டெலிரியம் சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் வரும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர் வற்றுதல், சோடியம் அல்லது சர்க்கரை குறைதல், தூக்க மாத்திரை, அறுவை சிகிச்சை ஆகியவை காரணமாகலாம். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கும் இது வரும். இது அவசர நிலை. பெரும்பாலும் காரணத்தைச் சரிசெய்தால் குணமாகும்.

இல்லாத உருவங்களைக் கண்டு பயப்படும் பெரியவரை ஜின் பிடித்ததாக எண்ணி நாட்களைக் கடத்துவோர் உண்டு. ஓதிப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே ஓதலாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

• மாற்றம் எந்த நாளில், எந்த நேரத்தில் தொடங்கியது
• பகலில் தெளிவும் இரவில் குழப்பமும் உண்டா
• உண்ணும் எல்லா மாத்திரைகளும் (பையோடு எடுத்துச் செல்லுங்கள்)
• காய்ச்சல், சிறுநீர், மலம், உணவு, நோன்பு பற்றிய விவரம்
• முன்பு தானே செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை: காசு எண்ணுவது, பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்புவது, ரக்அத் கணக்கு

கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணிவித்து, அவருக்குப் பழகிய மொழியில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் நாமே மதிப்பெண் போட்டு முடிவு செய்யக் கூடாது. குறைந்த மதிப்பெண் மட்டுமே நோய் ஆகிவிடாது.

ரக்அத் மறந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அறிவு நீங்கியவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. ஆனால் அவருக்காகப் பேச வேண்டிய நாம் வாய் மூடியிருந்தால், அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம் பெற்றோருக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.