பதின்மூன்று தட்டும் ஒரு வாழை இலையும்

போன வாரம் ராத்திரி அறையில் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசிக்கொண்டிருந்தோம். நண்பனின் அண்ணனுக்கு சென்னையில் ஐ.டி. வேலை. கல்யாண நாளுக்கு அண்ணியை ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு அழைத்துப் போயிருக்கிறார். என்ன வேண்டும் என்று சர்வர் கேட்கவே இல்லையாம். ஏழு தட்டு வரிசையாக வந்ததாம், ஒவ்வொன்றிலும் இரண்டே வாய்! "பில்லைப் பார்த்தா நம்ம ஒரு செமஸ்டர் மெஸ் பில்லுடா" என்றான் நண்பன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஆனால் படுத்த பிறகு ஒரு கேள்வி. காசு கொடுப்பவன் நாம், என்ன சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்பவன் சமையல்காரன். காமர்ஸ் வகுப்பில் நுகர்வோர்தான் ராஜா என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த ராஜா எப்போது தன் கிரீடத்தைக் கழற்றி சமையல்கட்டில் கொடுத்தார்? தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இந்த முறைக்கு டேஸ்டிங் மெனு என்று பெயர். பிரெஞ்சில் மெனு தெகுஸ்தாசியோன். இதன் கதை பிரான்சில் தொடங்குகிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே பெரிய விருந்து என்றால் எல்லா உணவையும் மேஜை முழுக்கப் பரப்பி வைத்துவிடுவார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பார்க்க பிரமாதம், ஆனால் பாதி ஆறிப்போயிருக்கும். 1810 வாக்கில் பாரிசில் ரஷ்யத் தூதராக இருந்த குராகின், உணவை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் தன் நாட்டு வழக்கத்தை அங்கே அறிமுகப்படுத்தினார் என்பார்கள். இதற்கு 'ரஷ்யப் பரிமாறல்' என்றே பெயர் வந்தது. இதில் சூடு போகாது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று விருந்தாளிக்குத் தெரியாதே? அதனால் ஆளுக்கு ஒரு மெனு அட்டை வைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த திருப்பம் 1970களில். வெண்ணெயும் கெட்டியான சாஸும் ஊற்றிய கனமான சமையலை விட்டுவிட்டு, இலேசாக, கொஞ்சமாக, பொருளின் சொந்தச் சுவை தெரியும்படி சமைக்க வேண்டும் என்று பால் பொக்யூஸ் போன்றவர்கள் கிளம்பினார்கள். இதற்கு நுவெல் குசீன், அதாவது புதிய சமையல் என்று பெயர். 1973-ல் கோ, மியோ என்ற இரண்டு உணவு எழுத்தாளர்கள் இதற்குப் பத்துக் கட்டளைகளே எழுதினார்கள். ஜப்பானின் கைசெகி விருந்தும் இவர்களுக்கு ஒரு பாடம். பருவத்துக்கு ஏற்ற சின்னச் சின்னக் கிண்ணங்கள் ஒரு ஒழுங்கோடு வரும் விருந்து அது. இப்படித்தான் டேஸ்டிங் மெனு பெரிய உணவகங்களில் வேர் பிடித்தது.

அதை உச்சிக்குக் கொண்டுபோனது ஸ்பெயினின் எல் புல்லி. ஃபெரான் அட்ரியா என்ற சமையல்காரர் ஒரே இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட சின்ன உணவுகளைக் கொடுத்தார். ஆனாலும் அந்த உணவகம் நஷ்டத்தில்தான் ஓடியது. புத்தகமும் மற்ற தொழில்களும்தான் அதைத் தாங்கின. 2011-ல் மூடிவிட்டார்கள். நம் பக்கத்து உதாரணம் ககன் ஆனந்த். கொல்கத்தாக்காரர், 2010-ல் பாங்காக்கில் கடை போட்டார். அவர் கொடுத்த சுமார் 25 உணவுகளின் மெனுவில் எழுத்தே கிடையாது, வெறும் எமோஜி!

இந்தச் சமையல்காரர்களுக்கு மார்க் போடும் மிச்செலின் ஸ்டாரின் கதை இன்னும் வேடிக்கை. மிச்செலின் ஒரு டயர் கம்பெனி. மக்கள் நிறைய கார் ஓட்டினால்தானே டயர் தேயும், தேய்ந்தால்தானே விற்கும்? அதற்காக 1900-ல் இலவசமாக விட்ட வழிகாட்டிப் புத்தகம் அது. 1926-ல் நல்ல உணவகங்களுக்கு ஸ்டார் போட ஆரம்பித்தார்கள். மார்க்கெட்டிங் பேப்பரில் உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள், மார்க் கிடைக்கும். திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் அவர்களுக்கு ஒரு ஆலை இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு டயர் வந்துவிட்டது, ஸ்டார் 2025 வரை வரவில்லை :-)

ஸ்டார் வராவிட்டாலும் டேஸ்டிங் மெனு வந்துவிட்டது. கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017-ல் ஆவர்தனா திறந்தார்கள். 7, 9, 11, 13 உணவுகள் என்று மெனுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தனியாக ஒரு பிளேட் என்று கேட்டு வாங்க முடியாது. தக்காளி ரசத்தைக் காபி வடிக்கும் கண்ணாடிக் குடுவையில் மூலிகைகளோடு ஊற வைத்து, மார்டினி கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். 2023-ல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் இடம்பிடித்தது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தி. யோசித்துப் பாருங்கள். பந்தியில் யாராவது ஆர்டர் எடுக்கிறார்களா? உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் பிரெஞ்சுக்காரன் மாதிரி முதலிலேயே இலையில் பரப்பியாயிற்று. பிறகு பருப்பு நெய், சாம்பார், ரசம், மோர் என்று ரஷ்யக்காரன் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டும் ஒரே இலையில்! கணக்கும் ஒன்றுதான். கல்யாணச் சமையல்காரர் முதலில் கேட்பது "எத்தனை இலை?" என்றுதான். ஆள் கணக்கும் உணவும் முன்பே தெரிந்தால் சரக்கு வீணாகாது. பெரிய உணவகங்கள் டேஸ்டிங் மெனுவை விரும்ப இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் 'இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்தது' என்று மார்தட்டிக்கொண்டு முடித்துவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் பந்தியில் என்ன வரும் என்பதை மட்டும் ஊர் முடிவு செய்யவில்லை, யார் உட்காரலாம் என்பதையும் முடிவு செய்தது. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். தமிழ்நாட்டு அரசியலையே அசைத்த விஷயம் அது, ஒரு பந்தியில்தான் தொடங்கியது. இன்று ஆவர்தனா வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. அங்கே பணம்தான் கேள்வி. என்னைப் போன்றவன் அந்தக் கேள்வியில் ஃபெயில்.

இன்னொன்று. சில உணவுகளும் பந்திக்குள் வந்ததில்லை. எங்கள் பாட்டி மழைக்காலத்தில் வயல் வரப்பில் நத்தை பொறுக்கி வருவார். வேகவைத்து, ஓட்டிலிருந்து எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீர் அலசி, சின்ன வெங்காயம் மிளகு போட்டுப் பிரட்டுவார். எட்டாம் வகுப்பில் ஒருநாள் அதை டப்பாவில் கொண்டுபோனேன். "என்னடா அது?" என்று பக்கத்துப் பையன் கேட்டான். "கோழி ஈரல்" என்றேன். அடுத்த நாளிலிருந்து தயிர்சாதம்தான் கட்டித்தரச் சொன்னேன். பாட்டி ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே காந்திகிராமத்திலிருந்து திண்டுக்கல் போய் பஸ் மாறினால் நத்தம். அந்தப் பக்கத்துக்காரர் விஜய் குமார். நியூயார்க்கில் 2021-ல் திறந்த 'செம்மா' உணவகத்தின் சமையல்காரர். 2022-ல் அதற்கு மிச்செலின் ஸ்டார். 2025 ஜூனில் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்டு விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். அவருடைய மெனுவில் பேர் வாங்கிய உணவுகளில் ஒன்று... நத்தைப் பிரட்டல்! அவரும் சின்ன வயதில் நத்தை சாப்பிடுவதைச் சொல்ல வெட்கப்பட்டவர்தானாம். சமையல் படிக்கப் போனபோதுதான் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பெரிய விருந்தாகச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. ஏழை உணவு, பணக்கார உணவு என்று ஒன்றில்லை, உணவுதான் இருக்கிறது என்று விருது மேடையில் சொன்னார்.

கவனியுங்கள், செம்மா பெயர் வாங்கியது கேட்டு வாங்கிச் சாப்பிடும் உணவுகளால்தான். எட்டாம் வகுப்பில் நான் பெயர் மாற்றிச் சொன்ன உணவை, அங்கே ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார். தட்டு ஏழா பதின்மூன்றா என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு உணவு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது அந்த உணவில் இல்லை. அதை யார் முதலில் மரியாதையாகத் தட்டில் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் வைத்தது பாட்டிதான். எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

பாட்டிக்கு இப்போது குனிந்து பொறுக்க முடியாது. வரும் மழைக்கு ஊருக்குப் போனால் நானே வரப்பில் இறங்கலாம் என்றிருக்கிறேன். பக்குவம் சொல்லித் தர அவர் இருக்கிறார். டப்பாவில் கொண்டுவருவேன். நண்பர்கள் யாராவது "என்னடா அது?" என்று கேட்டால் இந்த முறை சரியான பெயரைச் சொல்வேன்.