மனிதரை மையப்படுத்திய செயற்கை நுண்ணறிவு: கண்டி வட்டாரப் பொறியியலில்

மனிதரை மையப்படுத்திய செயற்கை நுண்ணறிவு என்பது பொறியியல் வடிவமைப்பு முறைகளுள் ஒன்று. தரவிலிருந்து தானே கற்றுக்கொண்டு கணிப்போ தீர்ப்போ சொல்லும் கணினி அமைப்பை உருவாக்கும்போது, அதைப் பயன்படுத்தப்போகிறவர்களின் வேலை, கைத்திறன், மொழி, பொறுப்பு ஆகியவற்றிலிருந்து இம்முறை தொடங்கும். அந்த அமைப்பின் தீர்ப்புக்கு உட்படப்போகும் மக்களையும் அது கணக்கில் எடுக்கும். கணிப்பு எத்தனை வீதம் சரி என்பதோடு வேறு சில கேள்விகளும் இங்கே முக்கியமானவை. அந்தக் கணிப்பை யார் பார்ப்பார், பார்த்தவர் என்ன செய்வார், அது பிழையானால் யார் திருத்துவார் என்பனவும் வடிவமைப்பின் பகுதியாகவே கொள்ளப்படும்.

இலங்கையில் இந்தத் துறையைக் கண்டியை வைத்து விளக்குவது வசதியானது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், விவசாயம் ஆகிய பீடங்கள் பேராதனைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே நிறுவனத்துக்குள் இருக்கின்றன. 1950 இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் 1964 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதன் கணினிப் பொறியியல் துறை 1985 இல் உருவானது. பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவுக்கெனப் பல்துறை ஆய்வு மையம் ஒன்றும் இயங்குகிறது. வளாகத்துக்கு வெளியே சரியும் மலைச்சரிவுகள், சிங்களமும் தமிழும் பேசும் ஊர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் என்று இப்படிப்பட்ட அமைப்புகள் சோதிக்கப்பட வேண்டிய களம் உடனேயே தொடங்கிவிடுகிறது.

தோற்றம்

இக்கருத்து இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையை விடப் பழையது. லூக்காஸ் ஏரோஸ்பேஸ் என்ற பிரித்தானிய விமானப் பொறியியல் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியியலாளராக இருந்த மைக் கூலி, கணினிவழி வரைபட முறை வந்தபோது வரைஞர்களின் அனுபவ அறிவு திரைக்குள் கரைந்துபோவதைக் கவனித்தார். அவரும் சக தொழிலாளரும் 1976 இல் முன்வைத்த லூக்காஸ் திட்டம், பொறியியல் திறமையைச் சமூகத் தேவைக்கான பொருட்களை நோக்கித் திருப்பக் கோரியது. 1980 இல் வெளிவந்த கூலியின் நூல், மனிதரை மையப்படுத்திய எந்திர அமைப்புகள் பற்றிய விவாதத்தைப் பொறியியலுக்குள் கொண்டுவந்தது.

1983 இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் தன்னியக்கத்தின் முரண்களை ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். எளிதான வேலையை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் மனிதரிடம் மிஞ்சுவது மிகக் கடினமான வேலை. ஆனால் அன்றாடப் பழக்கம் விட்டுப்போனதால், அந்த வேலை வரும் வேளையில் அவர் கை தளர்ந்திருக்கும். மருத்துவப் படத்தைக் கணினி வாசிக்கும் இன்றைய கூடங்களுக்கும் இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்துகிறது.

1999 இல் ஐஎஸ்ஓ 13407 என்று வந்த சர்வதேசத் தரநிலை, பின்னர் ஐஎஸ்ஓ 9241-210 ஆக 2010 இல் மாறி, 2019 இல் திருத்தப்பட்டது. பயனரின் சூழலை முதலில் புரிந்துகொள்ளுதல், தேவையை வரையறுத்தல், மாதிரி செய்தல், பயனரிடமே சோதித்தல், குறை கண்டால் முந்திய படிக்குத் திரும்புதல் என்பது அதன் சாரம். செயற்கை நுண்ணறிவுக்கு இதை விரித்தவர்களுள் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன் முக்கியமானவர். தன்னியக்கம் கூடினால் மனிதக் கட்டுப்பாடு குறைந்தே தீரும் என்ற எண்ணத்தை 2022 இல் வெளியான தன் நூலில் அவர் மறுத்தார். இரண்டும் வெவ்வேறு அச்சுகள், இரண்டையும் ஒருசேர உயர்த்தலாம் என்பது அவர் வாதம். எடுத்துக்காட்டாக, கைபேசிக் கமரா வெளிச்சத்தையும் குவியத்தையும் தானே சரிசெய்கிறது. எதைப் படம் எடுப்பது, எப்போது எடுப்பது என்பது எடுப்பவர் கையிலேயே இருக்கிறது.

வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை

கண்டி வட்டாரத்தில் இத்துறைக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வாய்ப்புற்றுநோய். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுவே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்துச் சப்பும் பழக்கம் அதன் முதற் காரணம். தோட்டத் தொழிலாளரிடம் இப்பழக்கம் பரவலாக உள்ளது. நோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெண்படலம், சிவந்த திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாதபடி உட்திசு இறுகுதல் என்று ஆண்டுக்கணக்கில் முன்னறிவிப்புத் தரும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் உயிர் தப்பும் வாய்ப்பு மிக அதிகம்.

கணினிக்கு வெகு முன்பே இங்கே ஒரு முன்னோடி முயற்சி நடந்தது. பல் மருத்துவர் சமன் வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் மத்திய மாகாணத்தில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்தனர். ஓராண்டில் இப்பணியாளர்கள் 28,000 க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்து, 1,200 க்கும் மேற்பட்டோரிடம் சந்தேகக் குறி கண்டார்கள். முடிவுகள் 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. பணியாளர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் மேல் பரிசோதனைக்கு வரச் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே வந்தார்கள்.

இந்தச் செய்தி வடிவமைப்பாளருக்குத் துல்லிய வீதங்களை விடப் பயனுள்ளது. நோயைக் கண்டுபிடிக்கும் கண் நாற்பதாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அது கணினியின் கண் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் கண். அறுந்தது அதற்கு அடுத்த கண்ணி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவர் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் கூலி, விழாது. பஸ் செலவும் அவருடையதே. வலி இல்லாத ஒரு வெள்ளைத் திட்டுக்காக அதை இழக்க அவர் தயங்குவது அறியாமையால் மட்டும் அல்ல, கணக்குப் பார்த்துத்தான்.

இப்பின்னணியில் பேராதனைப் பல் மருத்துவ பீடமும் பொறியியல் ஆய்வாளர்களும் சேர்ந்து, வாயின் உட்புறப் படங்களின் தொகுப்பொன்றை உருவாக்கி 2024 இல் ஆய்வுலகுக்குத் திறந்து வைத்தார்கள். 714 நோயாளிகளிடமிருந்து சம்மதம் பெற்றுக் கையடக்கத் தொலைபேசியால் எடுத்த 3,000 படங்கள் அதில் உள்ளன. ஆரோக்கியமான வாய், தீங்கற்ற மாற்றம், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றம், புற்றுநோய் என்று அவை வகைப்படுத்தப்பட்டுள்ளன. வயது, பால், புகைத்தல், மது, வெற்றிலைப் பழக்கம் ஆகிய விவரங்களும் கூடவே உள்ளன. விலையுயர்ந்த கருவியை விட்டுத் தொலைபேசியைத் தேர்ந்தது ஒரு வடிவமைப்பு முடிவு. களத்துக்குப் போகும் பணியாளர் கையில் நாளை இருக்கப்போவது அதே பொருள்தான்.

படம் எடுப்பது சொல்வதுபோல் எளிதில்லை. கன்னத்தை விரலாலோ சிறு கண்ணாடியாலோ விலக்கிப் பிடிக்க வேண்டும். ஈரத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி வெண்படலம் போலவே தெரியும். வெற்றிலைக் கறை திட்டை மறைத்துவிடும். அதனால்தான் படத்துக்கு ஒரு பெயர் ஒட்டுவதோடு நிறுத்தாமல், திட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதன் ஓரத்தைச் சுற்றி மருத்துவ அறிவுள்ளவர்கள் கோடு வரைந்தார்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் கணினி குறுக்கு வழியில் கற்றுக்கொள்ளக்கூடும். தோல் புற்றுநோய்ப் படங்களில் மருத்துவர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்திருந்தால் அது புற்றுநோய்தான் என்று அமைப்பு கற்றுக்கொண்டது இத்துறையில் பலரும் சொல்லும் கதை.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. 714 பேரிடமிருந்து 3,000 படங்கள் என்றால் சராசரியாக ஒருவருக்கு நான்குக்கு மேல். பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களைக் கலைத்துப் பிரித்தால் ஒரே ஆளின் வாய் இரண்டு பக்கமும் போய்விடும். அமைப்பு நோயை அறியாமல் ஆளை அடையாளம் கண்டே நல்ல மதிப்பெண் வாங்கும். ஆள் வாரியாகப் பிரித்துச் சோதித்தீர்களா என்பதே இத்தகைய தொகுப்பைப் பயன்படுத்தும் எந்தப் பொறியியலாளரிடமும் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

அடுத்தது தீர்ப்பின் எல்லைக்கோடு. சந்தேகம் இத்தனை வீதத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் அனுப்பு என்று ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். தாழ்த்திப் போட்டால் நோய் தப்பாது, ஆனால் நோயில்லாத பலர் ஒரு நாள் கூலியை இழந்து பேராதனைக்கு வந்து திரும்புவார்கள்; அடுத்த முறை சொன்னால் வரமாட்டார்கள். உயர்த்திப் போட்டால் நோயுள்ளவர் நழுவுவார். எந்தக் கணிதமும் இந்தக் கோட்டைத் தானே போட்டுத் தராது. பல் மருத்துவர், சுகாதாரப் பணியாளர், தோட்டத் தொழிலாளர் மூவரையும் கேட்டுப் போட வேண்டிய கோடு அது.

மண்சரிவு முன்னறிவிப்பு

மண்சரிவு கண்டி மாவட்டத்தின் நிரந்தர அபாயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டின் சரிவு அபாய வரைபடங்களை அடிப்பாறை, மண்படிவு, சரிவின் கோணம், நீரோட்டம், நிலப்பயன்பாடு, நிலவடிவம் என்ற ஆறு காரணிகளுக்குப் புள்ளி கொடுத்துத் தயாரிக்கிறது. எந்தக் காரணிக்கு எத்தனை புள்ளி என்பது வெளிப்படையானது. ஒரு புவியியலாளர் அதை மறுத்து வாதிடலாம். தரவிலிருந்து தானே கற்கும் நரம்பு வலையமைப்பு போன்ற புதிய முறைகள் கூடுதல் துல்லியம் தரக்கூடும். ஆனால் ஏன் இந்தச் சரிவு சிவப்பு, அந்தச் சரிவு மஞ்சள் என்று கேட்டால் விடை எளிதில் வராது. ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு எழுப்பி அனுப்பும் முடிவுக்கு அந்த விடை தேவை.

மழையை வைத்து விடுக்கும் எச்சரிக்கை எவரும் புரிந்துகொள்ளக்கூடியதாகவே அமைந்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள். 100 என்றால் செம்மஞ்சள். 150 ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ சிவப்பு, அதாவது வெளியேற வேண்டும். நல்ல வடிவமைப்புக்கு இது ஒரு சான்று: சாதாரண மழைமானி ஒன்றை வைத்திருக்கும் ஊரவரே அளவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இருந்தும் எச்சரிக்கை மட்டும் உயிரைக் காப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் சொல்லப்பட்டிருந்தது. மக்கள் போக வேறு வீடோ காணியோ கிடைக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறையும் எழுந்தது. சிங்களத்தில் ஒரு மணி நேரம் முந்தி வரும் செய்தி, தமிழ் பேசும் லயத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்தால், முன்கணிப்பின் நுட்பம் அத்தனையும் அந்த லயத்துக்கு வீண். அரச ஆவணங்களைச் சிங்களம், தமிழ் இரண்டுக்குமிடையே மொழிபெயர்க்க மொறட்டுவை பல்கலைக்கழகம் எந்திர முறையொன்றை உருவாக்கியுள்ளது. அவசர எச்சரிக்கைக்கு அதுபோன்ற கருவி உதவலாம். ஆனால் அனுப்புமுன் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் வாசித்துப் பார்க்கும் படி கட்டாயம் வேண்டும். வெளியேறு என்பதும் விழிப்பாயிரு என்பதும் இடம் மாறினால் விளைவு என்னவென்று விளக்கத் தேவையில்லை.

உணவுக் கலப்படம்

பேராதனை மின், இலத்திரனியல் பொறியியல் ஆய்வாளர்கள் பல அலைநீள ஒளியில் எடுத்த படங்களைக் கொண்டு தேங்காயெண்ணெய், மஞ்சள் தூள் ஆகியவற்றின் தரத்தை அளக்கும் முறைகளைச் சோதித்துள்ளனர். மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு 2020 இல் விலை எகிறிய பிறகு, அரிசி மாவு கலந்த தூளைக் கண்டுபிடிக்கும் தேவை கூடியது. ஆனால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி வழக்கில் நிற்பது அங்கீகரிக்கப்பட்ட பகுப்பாய்வாளரின் அறிக்கை. ஆகவே இந்தப் பட முறை பொது சுகாதாரப் பரிசோதகருக்கு எந்தக் கடையில் மாதிரி எடுப்பது என்று வழிகாட்டலாம். கடைக்காரருக்குத் தண்டனை வழங்காது. இப்படித் தன் இடம் தெளிவாக வரையப்பட்ட அமைப்பு, பெரிய வாக்குறுதி கொடுக்கும் அமைப்பை விட நீண்ட நாள் உழைக்கும்.

சட்டப் பின்னணி

ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், உயர் ஆபத்துள்ள அமைப்புகளுக்கு மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்கியது. இலங்கையில் இதற்கு நேரான சட்டம் இல்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆவது பிரிவு, முழுதும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட முடிவொன்றை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைத் தருகிறது. அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. உரிமை ஏட்டில் இருந்தாலும், தன் வாயின் படத்தைக் கணினிதான் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது என்று தெரியாத ஒருவர் மீளாய்வு கேட்கமாட்டார். அதனால் கண்டி வட்டாரத்தில் இப்படியொரு அமைப்பு களத்துக்கு வரும்போது, பரிந்துரைக் கடிதத்தில் கணினியின் பங்கு என்ன, இறுதியாகப் பார்த்துக் கையெழுத்திட்ட மருத்துவர் யார், மறுபரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்ற மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.