உஸ்னே கஹா தா (சிறுகதை)

'உஸ்னே கஹா தா' (அவள் சொல்லியிருந்தாள்) சந்திரதர் சர்மா குலேரி (1883–1922) எழுதிய இந்திச் சிறுகதை. மகாவீர் பிரசாத் துவிவேதி ஆசிரியராக இருந்த 'சரஸ்வதி' இதழில் 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே வெளிவந்தது. குலேரி எழுதிய கதைகள் மிகச் சில. அவர் பெயர் நிலைத்தது இந்த ஒன்றால்தான்.

கதைக்கு ஐந்து பகுதிகள். முதலாவது அமிர்தசரஸ் கடைத்தெருவில் நடக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், எட்டு வயதுச் சிறுமியைப் பார்க்கும்போதெல்லாம் நிச்சயதார்த்தம் முடிந்ததா என்று சீண்டுகிறான். ஒருநாள், முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிடுகிறாள். அவன் மனம் பட்ட பாட்டைப் பற்றிக் குலேரி இங்கே ஒரு சொல்லும் எழுதவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பையனைச் சாக்கடையில் தள்ளுகிறான்; நாய்மேல் கல்லெறிகிறான்; காய்கறி வண்டியில் பாலைக் கொட்டுகிறான்; குளித்துவிட்டு வரும் ஒரு பெண்மேல் மோதித் திட்டு வாங்குகிறான். காதல் கைநழுவியதைச் சொல்ல இந்தச் சில வரிகளே போதுமாகிவிட்டன.

அடுத்த மூன்று பகுதிகளும் இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டிய போர்முனை. ஜமேதார் லஹனா சிங், சுபேதாரின் நோயாளி மகன் போதா சிங்குக்குத் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டுக் குளிரில் காவல் நிற்கிறான். ஆங்கிலேய அதிகாரி வேடத்தில் வந்த ஜெர்மன் உளவாளியைக் கண்டுபிடிக்கிறான். இந்தச் சாகசப் பகுதி சற்று நீளம்தான். ஆனால் படிப்பது காதல் கதை என்பதையே வாசகர் மறந்திருக்க அது உதவுகிறது. சண்டையில் பட்ட காயத்தை மறைத்துத் தந்தையையும் மகனையும் மருத்துவ வண்டியில் ஏற்றிவிடுகிறான். சுபேதாரின் மனைவி சொன்னதைச் செய்துவிட்டதாக வீட்டுக்கு எழுதும்படி சுபேதாரிடம் சொல்கிறான். என்ன சொன்னாள் என்று சுபேதார் கேட்கிறார்; பதில் இல்லை.

அந்தப் பதில் ஐந்தாம் பகுதியில், சாகும் தறுவாயில் லஹனாவின் நினைவில் வருகிறது. கடைத்தெருவில் சீண்டிய சிறுவன் லஹனாதான்; அந்தச் சிறுமிதான் சுபேதாரின் மனைவி. போருக்குப் புறப்படும் முன் அவனை உள்ளே அழைத்து, கணவன், மகன் இருவர் உயிருக்காகவும் முந்தானை ஏந்தியிருக்கிறாள். காலவரிசைப்படி இரண்டாவதாக வரவேண்டிய இந்தச் சந்திப்பைக் குலேரி கடைசிக்குத் தள்ளியதில்தான் கதையின் பலமே இருக்கிறது. முன்பே சொல்லியிருந்தால், லஹனா வாக்கைக் காப்பானா என்ற பரபரப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கே அவள் கேட்டது தெரியவரும்போது, அவன் அனைத்தையும் செய்து முடித்திருக்கிறான். கணவருக்கு எட்டாத பதில் வாசகருக்கு மட்டும் கிடைக்கிறது.

1960இல் பிமல் ராய் தயாரிக்க, மோனி பட்டாச்சார்ஜி இயக்கத்தில் சுனில் தத், நந்தா நடித்து இக்கதை திரைப்படமானது.