எரியும் குமாவுன்: ஒரு நூற்றாண்டின் கணக்கு

இமயமலைக் காடுகள் எரிகின்றன என்ற செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. உடனே இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கிராமத்தார் தீ வைத்தார்கள் என்பது ஒன்று. பருவநிலை மாறிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், இவ்வளவு எளிதாகத் தீப்பிடிக்கும் காடு அம்மலைகளில் எவ்வாறு உருவாயிற்று என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை. அதற்கு விடை காண, இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பகுதியான குமாவுனின் வன வரலாற்றை நூறாண்டு பின்சென்று பார்க்க வேண்டும்.

அவ்வரலாற்றின் மையத்தில் இரண்டு மரங்கள் நிற்கின்றன. ஒன்று 'பாஞ்ஜ்' எனப்படும் கருவாலி, அதாவது ஓக். அதன் தழை குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனம். உதிர்ந்த இலை தொழுவத்தில் பரப்பப்பட்டுப் பின்னர் வயலுக்கு எரு. மரத்தடியில் சேரும் மக்கு மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுகளுக்கு மெல்ல விடுகிறது. மற்றொன்று 'சிர்' எனப்படும் பைன். நேராக உயர்வது, வெட்டுமரத்துக்கு ஏற்றது, பட்டையைக் கீறினால் பிசின் தருவது. அதன் ஊசியிலைச் சருகுக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'பிரூல்'. எளிதில் மக்காத பிரூல் கோடையில் மெத்தைபோல் படிந்து புல்லை முளைக்கவிடாமல் மூடுகிறது. அதன்மேல் கால்வைத்தால் மனிதரும் மாடும் சறுக்குவர். சுருங்கச் சொன்னால், பாஞ்ஜ் உழவரின் மரம். சிர் அரசாங்கத்தின் மரம்.

1864-இல் வனத்துறை தொடங்கப்பட்டு, டீட்ரிக் பிராண்டிஸ் அதன் முதல் தலைமை ஆய்வாளராக அமர்ந்த காலத்திலேயே தீத்தடுப்பு அத்துறையின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் குமாவுன் கோட்டத்தில் ஏறத்தாழ 3,000 சதுர மைல் நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சலுக்கும் தழைவெட்டுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. கோடையில் பிரூலை எரித்து மழைக்குப் பின் புதுப்புல் பெறும் பழைய வழக்கம், ஒரே கையெழுத்தில் சட்டமீறல் ஆனது. அதே ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. டர்பன்டைனுக்கும் பிசினுக்கும் தேவை பெருகப் பெருக, சிர் காடுகளின் மதிப்பும் ஏறியது.

1921 ஜனவரியில், உத்தராயணி விழாவுக்கு பாகேஸ்வரில் கூடிய மக்கள், கட்டாய ஊழியத்துக்கான பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி எறிந்தார்கள். அதிகாரிகளின் மூட்டையைக் கூலியின்றிச் சுமக்கும் கொடுமை அத்துடன் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டுக் கோடையில் காடுகள் எரியத் தொடங்கின. அதற்கு முன் 1916-இலும் தீ வைப்புகள் நிகழ்ந்திருந்தன. 1921-இன் தீயோ அளவில் முன் கண்டிராதது. இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடு தீயில் அகப்பட்டது. பிசின் தொழிலுக்குப் பேரிழப்பு.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தீயைப் பற்றிச் சுட்டிக்காட்டும் ஒரு செய்தி இன்றும் சிந்திக்கத் தக்கது. எரிக்கப்பட்டவை பெரும்பாலும் அரசு வருவாய் ஈட்டிய சிர் காடுகள். அரசின் பிடியிலேயே இருந்த அகலிலைக் காடுகளை மக்கள் தொடவில்லை. தீ வைத்த கை எதை எரிக்க வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தது. அறியாமையால் காட்டை அழிக்கும் மலைவாசி என்ற அரசாங்கச் சித்திரம் இந்த ஓர் உண்மையின் முன் நிற்க மாட்டாது.

அரசு பணிந்தது. ஆணையர் விண்டம் தலைமையில் அமைந்த குமாவுன் வனக் குறைகேட்புக் குழு, மலையெங்கும் சுற்றி ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலம் பெற்றது. அதன் பரிந்துரையால் காடுகள் இரு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. வணிகப் பயன் குறைந்தவை வனத்துறையின் பொறுப்பிலிருந்து வருவாய்த்துறைக்கு மாற்றப்பட்டு, கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. வணிக மதிப்புள்ளவை வனத்துறையிடமே நின்றன. 1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊரார் தமக்குள் தேர்ந்தெடுத்த குழு தன் காட்டைத் தானே காவல் செய்யும் இந்த ஏற்பாடு, இந்தியாவில் அரசு ஏற்பு பெற்ற சமூக வன மேலாண்மையின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. எரிந்த காட்டிலிருந்து மக்கள் பெற்ற உரிமை அது.

ஆனால் மரங்களின் கதை வேறு திசையில் சென்றது. சிர் தீயோடு வாழப் பழகிய மரம். அதன் தடித்த பட்டை வளர்ந்த மரத்தைக் காக்கிறது. தீ துடைத்த வெற்று மண்ணில் அதன் விதை எளிதில் முளைக்கிறது. கருவாலிக் கன்றோ நிழலும் ஈரமும் வேண்டி நிற்பது, மெல்ல வளர்வது. ஒருபுறம் வனத்துறை சிர் மரத்தை வளர்த்தது. மறுபுறம், சுருங்கிப்போன பொதுக்காட்டில் எஞ்சிய கருவாலியின்மீது தழைவெட்டும் மேய்ச்சலும் குவிந்தன. கருவாலி பின்வாங்கிய சரிவுகளில் சிர் ஏறியது. சிர் ஏறிய இடத்தில் பிரூல் சேர்ந்தது. பிரூல் சேர்ந்த இடத்தில் தீ எளிதாயிற்று; தீ மீண்டும் சிர் மரத்துக்கே வழிவிட்டது. பிசின் எடுக்க அடிமரத்தில் கீறிய காயங்கள் வழியே, பட்டையின் காப்பையும் மீறித் தீ மரத்தைப் பற்றியது.

இழப்பு மரத்தோடு நிற்பதில்லை. பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் தொற்றி வாழும் கருவாலிக் கிளைகள் போனால் அவையும் போகும். கோடைத் தீ ஏப்ரல் முதல் ஜூன் வரை பரவுகிறது. தரையில் கூடுகட்டும் பறவைகள் முட்டையிடும் பருவமும் அதுவே. எனினும் எல்லாத் தீயும் ஒன்றல்ல. புல்வெட்டும் அவ்வப்போதைய எரிப்பும் நடந்த திறந்த புற்சரிவுகளில் வாழ்ந்து பழகியது 'சீர்' என்னும் அரிய காட்டுக்கோழி இனம். புல் புதராகவும் புதர் காடாகவும் மூடிக்கொண்டால் அதற்கு வாழிடம் இல்லை. எனவே எந்தப் பருவத்தில், எந்தச் சரிவில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது என்பதே பல்லுயிர்களின் தலையெழுத்தை முடிவு செய்கிறது. வனத்துறைக்கும் இது தெரியாததன்று. சிர் காடுகளில் குளிர்காலத்திலேயே சருகை அளவாக எரித்துவிடும் முறையை அத்துறையே பின்னர் கைக்கொண்டது. மக்கள் செய்தபோது குற்றம்; துறை செய்தபோது அறிவியல்.

விடுதலைக்குப் பின்னும் 1927-ஆம் ஆண்டு வனச்சட்டமே ஆண்டது. அதன் 26-ஆம் பிரிவு தீ வைப்பதைத் தண்டிக்கிறது. 79-ஆம் பிரிவோ, காட்டில் உரிமை துய்ப்பவர்கள் தீயணைக்க உதவியாக வேண்டும் என்கிறது. உதவியின் வேர் உரிமையில் இருப்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது எனலாம். உரிமை தேயத் தேய உதவியும் தேய்ந்தது. ஊர்களும் காலியாகத் தொடங்கின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமாவுனின் அல்மோராவிலும் அண்டைக் கோட்டமான கட்வாலின் பௌரியிலும் மக்கள்தொகை குறைந்திருந்தது. கைவிடப்பட்ட படிவயல்களில் அறுப்பாரற்ற புல் காய்கிறது; அங்கும் சிர் கன்று தலைகாட்டுகிறது.

இந்த விறகுக் குவியலின்மீதுதான் பருவநிலை மாற்றம் வந்து அமர்கிறது. மலைச் சருகை நனைத்துவைப்பது குளிர்கால மழையும் பனியும். 2024 ஜனவரியில் வடமேற்கு இந்தியாவில் மழை மிகவும் பொய்த்தது. அதைத் தொடர்ந்த கோடையில் உத்தராகண்ட் கடுமையாக எரிந்தது. அவ்வாண்டு ஜூன் 13 அன்று அல்மோரா அருகே பின்சர் சரணாலயத்தில், தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர்களுள் நால்வர் கருகி மாண்டனர். காயமுற்றோரிலும் சிலர் பின்னர் இறந்தனர். 1988-இல் அந்தச் சரணாலயம் அமைக்கப்பட்ட நோக்கமே சுருங்கிவரும் கருவாலிக் காட்டைக் காப்பது. 2016-இலும் 2024-இலும் ஹெலிகாப்டர்கள் ஏரியிலிருந்து நீர் மொண்டு ஊற்றின. பெருந்தீக்கு அது தேவைப்படலாம். ஆனால் வானிலிருந்து ஊற்றும் நீர் பிரூலை அள்ளாது, கருவாலியை நடாது.

அதே அல்மோரா மாவட்டத்தின் சீத்லாகேத் பகுதியில், வயலோரக் குப்பையை வெயில் ஏறுமுன் மார்ச்சுக்குள் எரித்து முடிப்பதென ஊரார் தமக்குள் முடிவு செய்துகொண்டனர். பெண்கள் முன்னின்று காட்டைக் காக்கின்றனர். கருவாலி மீண்டு வருகிறது. மாநில அரசும் 2024-இல் பிரூலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக அறிவித்தது. நல்லதே. ஆனால் சருகுக்கு விலை கொடுப்பதும் காட்டில் உரிமை கொடுப்பதும் ஒன்றாகா. இன்று பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் அம்மாநிலத்தில் உள்ளன. அவற்றுக்கு நிதியும், எப்போது எரிப்பது, எதை நடுவது, எங்கே மேய்ப்பது என்று முடிவு செய்யும் அதிகாரமும் முழுமையாகக் கிடைக்குமா என்பதே இன்றைய கேள்வி. பருவநிலையைக் குமாவுன் மக்கள் தனியே மாற்ற இயலாது. சரிவில் எந்த மரம் நிற்கும், அதன் அடியில் எவ்வளவு சருகு கிடக்கும் என்பவற்றை அவர்களால் மாற்ற இயலும். எதை எரிக்கக் கூடாது என்பது 1921-லேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.