வாத்தியார் எங்கே?

டாக்டர் படிப்பு என்பது புதுச்சேரிக்குப் புதுசு அல்ல. மூலக்குளம் தாண்டி விழுப்புரம் சாலையில் அரியூர் பக்கம் போனாலும் சரி, திண்டிவனம் சாலையில் கோரிமேடு பக்கம் போனாலும் சரி, வெள்ளைக் கோட்டு மாட்டிய பிள்ளைகள் கண்ணில் படுவார்கள்.

இந்தக் கதையின் முதல் வருஷம் 1823. அந்த ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தது. பெயர், எகோல் த மெத்சின். கல்கத்தா, மதராஸ் மருத்துவக் கல்லூரிகள் இரண்டுமே 1835-ல் பிறந்தவை. அதாவது, அந்த இரண்டு கல்லூரிகளையும்விட 12 வருஷம் முந்திவிட்டார்கள்!

சரி, பாடம் எடுத்தது யார்? பிரெஞ்சுக் கடற்படையிலும் ராணுவத்திலும் இருந்த டாக்டர்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் படை உத்தியோகம் என்றால் இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு எந்தத் துறைமுகமோ! பாடமோ பிரெஞ்சில். வீட்டில் தமிழ் பேசுகிற பையனை நினைத்துப் பாருங்கள். பாதிக் கவனம் மொழிக்கே போய்விடும். மீதிதானே நோய்க்கு? படித்து முடித்தால் கிடைத்த பட்டம், 'மெத்சின் லோக்கால்'. உள்ளூர் வைத்தியர் என்று அர்த்தம்.

அதே நூற்றாண்டில், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ஒருத்தர் வேறு மாதிரி யோசித்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷனரி டாக்டர். 1847-ல் வந்து இறங்கி, மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டே மாணவர்களைச் சேர்த்துப் பாடம் நடத்தினார். முதலில் இங்கிலீஷில்தான். படித்தவர்கள் என்ன செய்தார்கள்? அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான்.

கிரீன் 1860-களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். புத்தகம் இல்லையே? எழுதினால் போயிற்று! உடற்கூறு, அறுவைச் சிகிச்சை, பிரசவம், ரசாயனம் என்று வரிசையாக மருத்துவ நூல்கள் தமிழுக்கு வந்தன. அவரிடம் படித்த மாணவர்களே மொழிபெயர்ப்புக்கும் கை கொடுத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்றார்கள்.

ஆனால் ஒன்று. ஒரே ஆளை நம்பி ஒரு கல்லூரி எத்தனை காலம் ஓடும்? 1873-ல் கிரீன் ஊர் திரும்பிவிட்டார். அங்கிருந்தும் தமிழ்ப் புத்தக வேலையைத் தொடர்ந்தார் என்பது உண்மை. ஆனால் புத்தகத்தைக் கப்பலில் அனுப்பலாம், வாத்தியாரை அனுப்ப முடியுமா?

புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1954-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் பழைய பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964-ல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆனது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகவும் ஆனது. படைக்காரர்கள் வந்து பாடம் சொன்ன காலம் மலையேறிவிட்டது. நிரந்தரப் பேராசிரியர்கள், துறைவாரியான பதவிகள், எல்லாம் வந்துவிட்டன.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? ம்ஹூம். நாடு முழுக்கத் தனியார் கல்லூரிகள் பெருகியபோது புது வியாதி ஒன்று கிளம்பியது. இன்ஸ்பெக்‌ஷன் தினத்தன்று மட்டும் காட்சி தருகிற பேராசிரியர்கள். 'கோஸ்ட் ஃபேகல்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பேய் வாத்தியார்! சம்பளக் கணக்கில் இருப்பார், வார்டில் இருக்கமாட்டார். இதைப் பிடிக்கத்தான் தேசிய மருத்துவ ஆணையம் 2025 மே முதல் ஆசிரியர்களுக்கு முகம் காட்டிப் பதிவு செய்யும் வருகை முறையைக் கட்டாயமாக்கியது.

மாணவர்களுக்கும் கணக்கு உண்டு. வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் வருகைப் பதிவேடு உடம்பு வந்ததைத்தான் சொல்லும். மனசு வந்ததைச் சொல்லாது. படுக்கையருகே ஒருத்தர் நின்று, 'இந்த வயிற்றை அமுக்கிப் பார், என்ன தெரிகிறது?' என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது. கேட்க ஆள் இல்லாவிட்டால் எத்தனை சதவீதம் வந்து என்ன பயன்?

அதனால், பிள்ளையை மருத்துவமோ நர்ஸிங்கோ சேர்க்கப் போகிறீர்களா? கட்டடத்தையும் ஃபீஸையும் விசாரித்த கையோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே நோயாளிகள் வருகிறார்களா? அவர்கள் பக்கத்தில் மாணவர்களோடு நிற்கிற பேராசிரியர் யார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரு பட்டியலாக வந்தால் போதாது. வார்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு நம் வயிற்றை அமுக்கிப் பார்க்கப் போவது அந்தப் பிள்ளைதான்.